கொக்கியில் வைத்த விரல்

குமரேசா,

பேசுகிறது நான், எழுதுகிறது உன் அம்மா. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியாததா. நடுநடுவே அவளும் தன் பங்குக்கு ஏதாவது சேர்ப்பாள், பொறுத்துக்கொள். நாளைக்கு மருமகள் மௌசுமி உன் கம்பளியையும் குக்கரையும் எடுத்துப்போக ஹவுராவுக்கு வருகிறாள். அவளிடம் ஒரு மரப்பெட்டியும் கொடுத்துவிடப்போகிறேன். உன் சாமான்களோடு அதுவும் ஹைதராபாத் லாரியில் போகட்டும். அவள் தனியாகத் தூக்கக்கூடாது, டாக்சி வந்ததும் பட்டறை நிமாய் வந்து ஏற்றிவிடுவான். பெட்டிக்குள் என்ன என்று இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம், அதுதான். நீயும் நானும் சேர்ந்து செய்த எஞ்சின். நான் உடைத்த எஞ்சின். இப்போது ஓடுகிறது. மூடியைத் திறப்பதற்கு முன்னால் இதைக் கடைசிவரை படித்துவிடு.

வியாழக்கிழமை உனக்கு விமானம். ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம், அப்பாவுக்கு அலைச்சல் என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஹவுராவிலிருந்து ஏர்போர்ட் வருவது ஒரு அலைச்சலா. இந்த வயதிலும் காய்கறி வாங்க ஆற்றைத் தாண்டிப் போகிறவன் நான். எனக்கு அலைச்சல் இல்லை, உனக்கு நான்தான் அலைச்சல் என்பது புரிந்தது. "இதையெல்லாம் எழுதணுமா?" என்று அம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். எழுது என்றேன். மௌசுமிக்கு பாங்கில் மாற்றல் கிடைக்க இன்னும் பல மாதம் ஆகும். அதுவரைக்கும் தெரியாத ஊரில் நீ தனியாக ஒரு வீட்டில் இருக்கப்போகிறாய். புது வேலை கிடைத்ததற்கு நான் சந்தோஷப்படவில்லை என்று நினைக்காதே. ஆனால் அந்தத் தனி வீட்டை நினைத்தால் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். போன குளிர்காலத்தை நான் கண்ணால் பார்த்தவன்.

கம்பெனி உன்னை வேலையை விட்டுப் போகச் சொன்ன பிறகு நியூ டவுன் வீட்டில் நீ வாயே திறக்கவில்லை என்று மௌசுமிதான் உன்னை இங்கே கொண்டுவந்து விட்டாள். "பாபா, உங்களோடாவது பேசட்டும்" என்றாள். எங்களோடும் நீ பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாய், தட்டைப் பார்ப்பாய், எழுந்து போவாய். ஒருநாள் மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு "சும்மா ஒரு சுத்து" என்று கிளம்பினாய். நான் பின்னாலேயே வந்தேன். ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ஓடுகிற காலத்தில் நீ அக்கரை போகிற லாஞ்ச் படகில் ஏறப் போனாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றாய். நான் கடலைக்காரனுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். நடு ஆற்றில் நீ திரும்பாமலேயே, "அப்பா, கடலை வாங்கினா எனக்கும் சேத்து வாங்கு" என்றாய். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா" என்றாய். அக்கரையில் பாபுகாட்டில் இறங்கியதும், "என்னப்பா, பாடிகார்ட் வேலையா?" என்று கேட்டாய். "காத்து வாங்க வந்தேன்" என்றேன். "நானும்தான்" என்றாய். இரண்டு பேரும் பொய் சொன்னோம். எதற்குப் பயந்து வந்தேன் என்று அன்றைக்கும் நான் சொல்லவில்லை, இப்போது அம்மா எழுதும்போதும் சொல்ல வாய் வரவில்லை. உனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம்தான் உன் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது அம்மாவின் துடைப்பம் அந்தப் பெட்டியில் இடித்தது. வேலை நன்றாக இருந்த காலத்தில் நீ ஆசைப்பட்டு வரவழைத்து, நேரமில்லாமல் இங்கே கிடப்பில் போட்டது. உள்ளே கைக்கடக்கமான இரண்டு ஃப்ளைவீல் சக்கரம், ஒரு சிலிண்டர், எல்லாம் கரடுமுரடாக வார்த்தபடியே இருந்தது, கூடவே ஒரு கட்டு வரைபடம். இது என்னடா என்றேன். நீ படுத்தபடியே, "ஹிட் அண்ட் மிஸ் எஞ்சின். பொம்மை. தூக்கிப் போடு" என்றாய். நான் தூக்கிக்கொண்டு நம் சந்துமுனையில் நிமாய் பட்டறைக்குப் போனேன். அந்த லேத்தில்தான் என் ஆயுசு போனது, இப்போதும் மதியத்துக்கு மேல் அது சும்மா நின்றால் எனக்குத் தருவான். சக்கரத்தை மாட்டி முதல் சீவல் எடுத்துவிட்டு, அளவு கேட்க ஆள் அனுப்பினேன். நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய். வரைபடத்தை நீ படித்துச் சொல்ல, நான் கடைந்தேன். பிஸ்டன் வளையம் மாட்டும்போது என் கையில் ஒன்று முறிந்தது, உன் கையில் அடுத்தது முறிந்தது. "ஓஸ்தாத், அப்பனும் மகனும் இப்படியே போனால் ஹவுராவில் இரும்பு தீர்ந்துபோகும்" என்று நிமாய் சொன்னான். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அந்த எஞ்சினின் புத்தியை நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். வேகம் ஏறினால் சக்கரத்தில் இருக்கிற குண்டுகள் விலகும். விலகினால் கொக்கி வந்து விழுந்து, புகை போகிற வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது பெட்ரோலை உறிஞ்சாது, வெடிக்காது, முன்னால் வாங்கிய வேகத்திலேயே பெருமூச்சு விட்டபடி சும்மா சுற்றும். வேகம் குறைந்தால் கொக்கி விட்டுவிடும், வால்வு மூடும், ஒரே ஒரு வெடி. மறுபடி சும்மா. "எவ்ளோ நேரம் சும்மா சுத்துதோ அவ்ளோ நல்ல எஞ்சின்ப்பா. உராய்வு இல்லன்னு அர்த்தம்" என்றாய். தலையை ஆட்டினேன். அந்தக் கொக்கியை ராவியதே நான்தான், அதன் மூக்கைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியதும் நான்தான். அது எதற்கு என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அதுதான் என்னை அரிக்கிறது.

முதல்முறை ஓட விட்ட அன்றைக்கு நிமாய் லேத்தையெல்லாம் நிறுத்திவிட்டான். நீ பெட்ரோல் விடுகிற நீடிலைத் திறந்து, சக்கரத்தை இழுத்துவிட்டாய். இருமியது, துப்பியது, பிறகு பிடித்துக்கொண்டது. டப். அப்புறம் புஸ், புஸ், புஸ் என்று காற்று. டப். உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நீ தெருவுக்குப் போனாய். நான் எஞ்சினோடு தனியாக நின்றேன். டப் என்றது, பிறகு ஒன்றும் இல்லை. சக்கரம் சுற்றுகிறது, வெடி வரவில்லை. இன்னும் வரவில்லை. குமரேசா, நான் காலமெல்லாம் தண்ணீர் இறைக்கிற டீசல் பம்புகளுக்கு வைத்தியம் பார்த்தவன். அங்கே ஒரு அடி தவறினால் அது நோய். எங்கேயோ காற்று புகுந்திருக்கிறது, எங்கேயோ வால்வு எரிந்திருக்கிறது என்று அர்த்தம். மிஸ்ஸிங் கேட்டால் கை தானாகப் போகும். தலைக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை. செத்துவிட்டது என்று காது சொன்னது. நான் விரலை வைத்து அந்தக் கொக்கியை விழவிடாமல் தள்ளிப் பிடித்தேன்.

உடனே டப்டப்டப் என்று விடாமல் அடித்தது. ஒரு கணம் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பார், உயிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். நீ தெருவிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு, "கையை எடுப்பா" என்று கத்தியபடி ஓடி வந்தாய். அதற்குள் எஞ்சின் வெறிபிடித்த மாதிரி பறந்தது. பிஸ்டன் ராடின் போல்ட் அறுந்து, ராடு முறிந்து, சிலிண்டர் வாயில் இடித்து ஒரு சில்லு தெறித்தது. பிறகு வந்த அமைதிதான் நிஜமான அமைதி. நீ திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கிழிசல் துணியில் விரல் விரலாகத் துடைத்தாய், துணியை மடித்து வைத்தாய். "விடுப்பா, பொம்மைதானே" என்றாய். சாயந்திரமே பையைத் தூக்கிக்கொண்டு நியூ டவுனுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் நானும் நீயும் நேராகப் பேசவில்லை. வேலை கிடைத்தது, ஊர் மாறுவது, எல்லாம் அம்மா வழியாகத்தான் எனக்கு வந்தது.

நீ போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். விரல் வைப்பது எனக்கு அன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. ஊரே பட்டம் விடுகிற விஸ்வகர்மா பூஜை அன்றைக்கு நம் மொட்டைமாடியில் உன் பட்டம் அறுந்து போனது ஞாபகம் இருக்கிறதா. நீ அழவில்லை, வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. நான் பட்டறை பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய், அதைவிடப் பெரிய பட்டம் வாங்கி வந்து உன் கையில் திணித்தேன். நீ அதைத் தொடவே இல்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பவும் வானத்தைப் பார்த்தாய். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. போன பட்டத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் என்று ஒரு பிள்ளைக்கு இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உன் அம்மா தன் அண்ணன் தவறிப்போனபோது பேசாமல் இருந்தாள். நான் சினிமாவுக்குக் கூட்டிப்போகிறேன், கரியாஹாட்டில் புடவை எடுத்துத் தருகிறேன் என்று நச்சரித்தேன். "அந்தப் புடவையை நான் இன்னைக்கு வரைக்கும் கட்டல, அதையும் எழுதிக்கறேன்" என்கிறாள். எழுதிக்கொள்ளட்டும்.

சில்லு போன இடத்தை ராவி வழவழப்பாக்கியிருக்கிறேன். தழும்பு தெரியும், ஓட்டத்துக்குக் கெடுதல் இல்லை. பழைய ராடு அலுமினியம், எனக்கு நல்ல துண்டு கிடைக்கவில்லை, அதனால் வெண்கலத்தில் கடைந்தேன். கொஞ்சம் கனம். ஓடும்போது பலகை லேசாகக் குதிக்கும், அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறேன். கொக்கியின் மூக்கு மழுங்கி வழுக்கியது, திரும்பக் காய்ச்சி முக்கினேன். அப்புறமும் சரியாக ஓடவில்லை. வரைபடத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. நிமாய் தன் கைப்பேசியில் பார்த்து ஏதோ வங்காளத்தில் சொன்னான், அவனுக்கும் விளங்கவில்லை. கடைசியில் நீ சொன்னதை ஒவ்வொன்றாக ஞாபகத்திலிருந்து எடுத்தேன். உறிஞ்சும் வால்வின் ஸ்பிரிங் ஊதினால் திறக்கிற மாதிரி மெதுவாக இருக்க வேண்டும் என்று நீ சொன்னது கடைசியாகத்தான் நினைவுக்கு வந்தது. நான் போட்டிருந்தது முரட்டு ஸ்பிரிங். மாற்றினேன். பிடித்துக்கொண்டது.

ஓட விடுவதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஓடுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான். வெடி வராத நேரத்தில் கை தானாக நீளும். நிமாய் பார்த்துவிட்டு இரண்டு கைக்கும் ஒவ்வொரு டீ கிளாஸ் கொடுத்து, "இதைக் கீழே வைத்தால் பட்டறையை விட்டு வெளியே போ ஓஸ்தாத்" என்றான். சூடான கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டப். அப்புறம் புஸ், புஸ், புஸ். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று இருக்கும். பிறகு டப். தினமும் மதியம் அப்படி உட்கார்ந்து பழகினேன். இப்போது அந்த இடைவெளியில் சக்கரத்தின் மூச்சு எனக்குக் கேட்கிறது. பேரிங்கில் எண்ணெய் வற்றினால் மூச்சு கரகரக்கும், எல்லாம் சரியாக இருந்தால் பட்டு இழுத்த மாதிரி இருக்கும்.

இதோடு நிறுத்திவிட்டு, இனிமேல் உன் மௌனத்தில் நான் விரல் வைக்க மாட்டேன், போய் வா என்று சொன்னால் உனக்கு நன்றாக இருக்கும். அம்மாவும் அதைச் சொல்லித்தான் முடிக்கச் சொல்கிறாள். ஆனால் மனசில் இருப்பது அது மட்டும் இல்லை குமரேசா. எஞ்சின் சும்மா சுற்றும்போது கொக்கி எங்கே இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்கலாம். பிடித்திருக்கிறது, விடும், வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். உன் கொக்கி எனக்குத் தெரியவில்லை. நீ பேசாமல் இருக்கும்போது அது அடுத்த அடிக்குக் காத்திருக்கிற அமைதியா, லாஞ்சில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாயே அந்த அமைதியா என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஹவுராவில் என்றால் பின்னாலேயே வந்து கடலைக்காரன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். ஹைதராபாத்தில் நான் எங்கே நிற்பது?

நீ கைப்பேசியில் செய்தி அனுப்புகிறாய். "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்." அம்மா படித்துக் காட்டுவாள். எனக்கு அது வெறும் கோடு. அவள் குரலில்தான் அது எனக்கு வந்து சேருகிறது. அவளோ எதைப் படித்தாலும் நல்ல சேதி மாதிரியே படிப்பாள். "நான் எங்க அப்படிப் படிக்கறேன்?" என்று கேட்கிறாள். அப்படித்தான் படிக்கிறாய், எழுது. முன்பு போனில் பேசினபோதும் "ம்", "சரிப்பா", "வேலையிருக்கு" என்பாய். அதிலிருந்து நான் எதைக் கண்டேன். மௌசுமியிடமாவது மறைக்காதே என்று சொல்லலாம். நீ அவளிடமும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாய் என்று அவளே சொல்லிவிட்டாள். உன் பேச்சை வைத்து என்னால் உன்னைத் தெரிந்துகொள்ள முடியவில்லை. இரும்புச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வேன். எனக்கு இருக்கிற ஒரே படிப்பு அது.

அதனால் ஒன்று கேட்கிறேன், அதற்குத்தான் இவ்வளவு நீளம். டேங்கைக் காலி பண்ணிக் காயவைத்துத்தான் பெட்டியில் வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்து வீடு அமைந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சினை பால்கனிக்கு எடுத்து வா. சிலிண்டரைச் சுற்றி இருக்கிற தொட்டியில் தண்ணீர் ஊற்று, எண்ணெய்க் கிண்ணத்தை நிரப்பு, கதவை நன்றாகத் திறந்து வை, புகை வீட்டுக்குள் போகக்கூடாது. ஓட விட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டு போனை அதன் பக்கத்தில் வைத்துவிடு. நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம். காபி குடி, பேப்பர் பார், உள்ளே போய்ப் படுத்துக்கொள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நீடிலைத் திருகியது பொறுமையான கையா, அவசரக் கையா, எண்ணெய் போட நினைவிருந்ததா, துடைத்து வைத்த எஞ்சினா, தூசியோடு இழுத்துவந்த எஞ்சினா, எல்லாம் எனக்குக் கேட்கும். கேட்டதைப் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். வார நாளில் நீ போனை எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிக்கவும் மாட்டேன்.

எஞ்சினைத் தொடவே மனசில்லாத ஞாயிற்றுக்கிழமையும் வரும். வராது என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கும் கூப்பிடு. பெட்ரோல் ஊற்ற வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சக்கரத்தைக் கையால் ஒரே ஒரு சுற்று சுற்றிவிடு. வெடிக்காமல் சுற்றுகிற சக்கரத்தின் சத்தம் எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் நான் ரயில் ஏறிவிடுவேன். அப்போது மட்டும் அலைச்சல், வர வேண்டாம் என்று சொல்லாதே. வந்து அறிவுரை சொல்ல மாட்டேன். நிமாய் கொடுத்த மாதிரி இரண்டு கையிலும் கிளாஸ் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். ஆனால் கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே. அது ஒன்றைத்தான் என்னால் எதுவென்று பிரித்துப் பார்க்க முடியாது.

பெட்டியின் ஓரத்தில் அம்மா எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் வைத்திருக்கிறாள், எஞ்சினில் இடிக்காமல் துணி சுற்றியிருக்கிறது. இரண்டையும் பார்த்து எடு. முதல்முறை ஓட விடும்போது அது இருமும், துப்பும், பயப்படாதே. நான் இந்தப் பக்கம் இருப்பேன். டப் என்று கேட்கும், அப்புறம் ஒன்றும் கேட்காது. எவ்வளவு நேரமானாலும் நான் போனை வைக்க மாட்டேன்.

அப்பா